மூன்றாம் மாடியில் ஒரு சிப்பிப்பாறை: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வேளச்சேரியிலிருந்து

எங்கள் சிட்டுவுக்கு இப்போது 14 மாதம். சிப்பிப்பாறை இன வேட்டை நாய், செவலை நிறம். கோவில்பட்டிப் பக்கம் மாமா தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு மாதக் குட்டியாக வந்தபோது நாள் முழுக்கச் சுருண்டு படுத்திருப்பாள். வந்தவர்கள் எல்லாம் "எவ்வளவு சாது" என்றார்கள். எட்டாம் மாதம் சோபாவின் ஒரு கை போனது. ஒன்பதாம் மாதம் பால்கனிக் கதவின் அடிப்பலகை. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இடையே சுற்றிச் சுற்றி ஓடுவாள். கீழ்வீட்டுக்காரர் மறுநாள் லிஃப்டில் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு மட்டும் விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

நடை போதவில்லை என்று முடிவு கட்டினேன். அரை மணியை ஒரு மணியாக்கினேன், அப்புறம் ஒன்றரை. கடைசியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கூட ஓட வைத்தேன். எனக்கு நான்கு கிலோ குறைந்தது. அவளோ தடகள வீராங்கனை ஆகிவிட்டாள். முன்பு ஒரு மணி நேரத்தில் நாக்கைத் தொங்கப் போட்டவள், இரண்டு மணி நேரம் சுற்றி வந்தும் வாசலில் நின்று "அப்புறம்?" என்பதுபோலப் பார்த்தாள். நானே தயார் செய்து நானே மாட்டிக்கொண்டேன்.

போன மார்கழியில் ஒரு விடிகாலை. பெரும்பாக்கம் தாண்டி ஒரு வெட்டவெளியில், ஆள் யாரும் இல்லை என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கூப்பிட்டால் வருவாள், வீட்டில் நூறு தடவை பார்த்தாயிற்று. தூரத்தில் பனிக்குள் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளியது. சிட்டுவின் இரண்டு காதும் மண்டையோடு ஒட்டின. கழுத்து நீண்டது. அவ்வளவுதான், ஆள் இல்லை. நான் கத்தியது எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் கம்போடு குறுக்கே பாய்ந்தார். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தது. சிட்டு அவரை இரண்டு வட்டம் போட்டுவிட்டு, மூச்சிரைக்க என் காலடியில் வந்து விழுந்தாள். பல் படவில்லை, என் குலசாமி புண்ணியம்.

பெரியவர் திட்டுவார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நாயின் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இது முயல் நாயில்ல? கண்ணுல ஒண்ணு பட்டுச்சுன்னா காது அடைஞ்சுபோகும். இதைப் போயி மாடு மாதிரி நடத்திக் கூட்டிட்டுத் திரியிறியே. அஞ்சு நிமிசம் முழுசா ஓடட்டும், பொழுதுக்கும் படுத்துக் கிடக்கும்" என்றார். அவர் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கமாம்.

முயல் வேட்டைக்கு இப்போது வனவிலங்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்த உடம்புக்குச் சட்டம் தெரியாதே. கரிசல் காட்டில் ஒரே மூச்சில் பாய்ந்து பிடிப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு. இப்போது மேடவாக்கத்தில் நண்பர் ஒருவரின் காம்பவுண்டு போட்ட காலி மனைக்கு வாரம் மூன்று நாள் போகிறோம். மூங்கில் கழியில் கயிறு கட்டி, நுனியில் ஒரு கிழிந்த துண்டு. அதைத் தரையோடு இழுத்துச் சுழற்றினால் முயல் மாதிரியே துரத்துகிறாள். நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்க விடுகிறேன், மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் நாள் வீட்டுக்கு வந்து மதியம் வரை தூங்கினாள். நான் பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

இன்னொரு தொல்லை தீரவில்லை. தெருநாய்களைப் பார்த்தால் இழுத்துக்கொண்டு குரைக்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கோவையிலிருந்து

அண்ணா, சைக்கிளை நிறுத்தியது நல்லது. வளர்ந்து முடியாத எலும்பு, அதுவும் தார் ரோடு. எங்கள் டாக்டர் ஒன்றரை வயது வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்றார்.

தெருநாய் விஷயத்தில் தப்பு என் கையில் இருந்தது. எங்களுடையது லாப்ரடார். தெருமுனை டீக்கடையில் நான்கு தெருநாய்கள் கொண்ட கூட்டம். தூரத்தில் அவர்களைப் பார்த்ததும் நான் கயிற்றை முறுக்கிப் பிடிப்பேன். கயிறு இறுகிய அந்த நொடியில்தான் அவன் உறுமவே ஆரம்பிப்பான். மனைவி பின்னால் வந்து பார்த்துச் சொன்னாள், "நீங்கதான் அவனுக்கு சிக்னல் குடுக்குறீங்க" என்று. நம்பவில்லை. மறுநாள் அவளைப் பிடிக்கச் சொல்லி நான் பின்னால் போனேன். அவள் சொன்னது சரி.

அப்புறம் செய்தது இதுதான். கயிற்றைத் தளர்த்தி, நேருக்கு நேர் போகாமல் எதிர்ச்சாரியில் ஒரு வளைவு எடுத்துப் போவது. நேராக நடந்து வருவதை நாய்கள் சண்டைக்கு வருவதாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. எங்கே நின்றால் அவன் அவர்களைப் பார்த்தும் என் கையில் இருக்கும் கோழித்துண்டைச் சாப்பிடுவானோ, அந்தத் தூரத்தில் நின்றோம். முதலில் 30 அடி. தீபாவளி முடிந்து பொங்கல் வருவதற்குள் பத்தடி ஆனது. கூட்டத்தில் ஒரு கிழட்டுப் பெண் நாய் உண்டு, காது நுனியில் கருத்தடை செய்த அடையாள வெட்டு. ஒரு நாள் அவளே எழுந்து வந்தாள், பக்கவாட்டில் நின்று மோந்தாள், போய்ப் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து மற்ற மூன்றும் எழுந்திருப்பதே இல்லை. தலைவி பாஸ் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசியை மட்டும் ஒரு வருடமும் தவறவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து

நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சித்திரையில் மாலை நான்கரைக்கு, வெயில் இறங்கிவிட்டது என்று எங்கள் பையனைக் கூட்டிப் போனேன். காற்று இதமாக இருந்தது, ரோடு அப்படியில்லை. பாதி வழியில் நொண்டினான். வீட்டில் வந்து பார்த்தால் பின்னங்கால் பாதத்தில் தோல் அப்பளம் மாதிரிப் பொரிந்து, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் செருப்புப் போட்டிருந்தேன், அவன் போட்டிருக்கவில்லை. இப்போதெல்லாம் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணுவேன். வைக்க முடியாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். கோடையில் காலை ஐந்து மணி, இரவு ஒன்பது மணி, அவ்வளவுதான்.

திருச்சியிலிருந்து

எனக்கு 63 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். மகன் துபாய்க்குப் போகும்போது ஒரு நாட்டு நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். தம்பி சொல்கிற மனையும் கழியும் எனக்கு ஆகாது. நான் மூக்கை ஓட விடுகிறேன்.

கொட்டாங்கச்சியில் ஓடு முழுசாக இருப்பதாகப் பார்த்து, உப்புப் போடாத தயிர்சாதத்தை அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் 20 நிமிடம் சத்தமே வராது. காலியாகும் முன் எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் ஓட்டையும் கடித்து நொறுக்கிவிடுவாள். பழைய புடவையை முடிச்சு முடிச்சாகப் போட்டு, உள்ளே கேரட் துண்டு. கேரட்டையே பூஜையறை தவிர வீடெங்கும் ஒளித்து வைத்துத் தேடச் சொல்வேன். தேடி முடித்ததும் அவள் படுக்கிற படுக்கையைப் பார்த்தால், மலைக்கோட்டை ஏறி இறங்கியவள் மாதிரி இருக்கும். காலையில் தெருவில் நடக்கும்போதும் இழுக்க மாட்டேன். ஒரு மின்கம்பத்தை அவள் ஐந்து நிமிடம் மோந்தால் நானும் நிற்பேன். அது அவளுக்குப் பேப்பர் படிப்பது மாதிரி, நடுவில் பிடுங்கக்கூடாது. (திராட்சை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், உலர்ந்ததும் சேர்த்து. நாய்க்குச் சிறுநீரகம் போய்விடும்.)

தாம்பரத்திலிருந்து

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுகிறேன். எங்கள் குட்டி வந்தது 2020 மார்ச் இரண்டாம் வாரம், ஏழு வார வயதில். அடுத்து ஊரடங்கு. வீட்டில் நாங்கள் மூன்று பேர், முகக்கவசத்தோடு பால் போடுபவர், அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரைதான் குட்டி புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் என்று பிற்பாடு தெரிந்தது. ஆடி மாதம் வெளியே கூட்டி வந்தபோது குடை பிடித்த ஒருவரைப் பார்த்து ஒன்றுக்குப் போய்விட்டாள்.

உடனே "பழகட்டும்" என்று விருந்தாளி எல்லோரையும் தொடவிட்டேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. ஓரத்தில் ஒதுங்கி, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டாள். தூக்கம் வருகிறது என்று சிரித்தோம். அது பயமாம். மூன்றாவது நாள் என் சித்தி மகன் கையில் பல் பதிந்தது.

இப்போது அவள் யாரிடமும் கொஞ்சுவதில்லை, நாங்களும் யாரையும் தொடவிடுவதில்லை. ஆள் வந்தால் உள்ளறையில் இருப்பாள், தெருவில் தள்ளி நின்று பார்ப்பாள், வேண்டாம் என்றால் திரும்பிவிடுவோம். அது போதும் என்று ஆகிவிட்டது. புதிதாகக் குட்டி வாங்குகிறவர்கள், தடுப்பூசி முடியும் வரை தரையில் விடக்கூடாது என்று வீட்டிலேயே பூட்டி வைக்காதீர்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். மார்க்கெட் சத்தம், நாதஸ்வரம், பள்ளி விடும் நேரம் எல்லாம் இடுப்பிலிருந்தே பார்க்கட்டும்.

வேளச்சேரியிலிருந்து மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. திருச்சி அம்மா, கொட்டாங்கச்சி அமோகம். கீழ்வீட்டுக்காரர் லிஃப்டில் "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டார்.

கோவை நண்பர் சொன்ன தூரக் கணக்கை நான் ஆடுகளிடம் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பெரும்பாக்கம், ஆனால் மார்புப்பட்டையும் 30 அடிக் கயிறும் உண்டு. முதல் வாரம் ஆடுகள் புள்ளியாகத் தெரியும் தூரத்திலேயே நடுங்கினாள், கோழியைத் துப்பிவிட்டாள். இரண்டாவது வாரம் இன்னும் பின்னால் போய் நின்றோம். நேற்று நான்காவது வாரம். குட்டி ஒன்று துள்ளியது, காது பின்னால் போனது, ஒரு கால் தூக்கினாள். நான் மூச்சுவிடவில்லை. அப்படியே கழுத்தைத் திருப்பி என் கையைப் பார்த்தாள்.

பெரியவர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் கிளம்பும்போது கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "தம்பி, விலைக்குக் குடுப்பியா?" என்றார்.