ஃபார்ம் போன சாம்பியனுக்கு அணியில் இடம் உண்டா? கிறிஸ் ஃப்ரூமை நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

லியோன்வாசி

வேலைக்காகப் பிரான்ஸ் வந்த பிறகுதான் சைக்கிள் பந்தயம் எனக்குப் பழக்கமானது. 2019 ஜூன் 12 அன்று ரோவான் ஊரில், பல நாள் நடக்கும் டோஃபினே பந்தயத்தின் டைம் ட்ரயல் (வீரர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டி போடும் ஓட்டம்) இருந்தது. பக்கத்து ஊர்தானே என்று நண்பர்களோடு கிளம்பிப் போனேன். ஃப்ரூமைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியக் காரணம். 2013, 2015, 2016, 2017 என்று நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர். 2018 ஜிரோவில் (இத்தாலியின் பெரிய பந்தயம்) ஃபினெஸ்ட்ரே மலையில் எல்லோரையும் விட்டுப் பிரிந்து, 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் பந்தயத்தையே புரட்டிப் போட்டவர். இன்னும் ஒரு டூர் வென்றால், ஐந்து முறை வென்ற மெர்க்ஸ், இனோ வரிசையில் நிற்பார் என்ற நிலை அப்போது.

அன்று காற்று பலமாக இருந்தது. டைம் ட்ரயலுக்கு முன் வீரர்கள் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அப்போதுதான் அது நடந்தது. மூக்கைச் சிந்துவதற்காக ஒரு கையை எடுத்திருக்கிறார், அந்த நேரம் பார்த்துக் காற்று முன்சக்கரத்தை அடித்தது. 50 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் நேராகச் சுவரில் மோதினார். வலது தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் எல்லாம் முறிந்து, செயின்ட் எத்தியேன் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தடுப்புக் கம்பி ஓரத்தில் என் பக்கத்தில் நின்ற பெரியவர் கையில் புறப்படும் வரிசைத் தாள் வைத்திருந்தார். செய்தி வந்ததும் பென்சிலால் ஃப்ரூம் பெயர் மேல் கோடு போட்டார். அதற்குப் பிறகு யார் எந்த நேரத்தில் வந்தார்கள் என்று அவர் குறித்துக்கொள்ளவே இல்லை. வான் ஆர்ட் வென்றார் என்பதை நானும் வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் இனியோஸ் அணி டூருக்கான எட்டுப் பேரை அறிவித்தபோது ஃப்ரூமும் இல்லை, 2018இல் டூர் வென்ற கெரைன்ட் தாமஸும் இல்லை. பலர் கொதித்தார்கள். எனக்கு ஃப்ரூம் விஷயத்தில் அது சரியான முடிவாகவே பட்டது. அந்த மாதம் நடந்த டோஃபினேயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மலையில் வேகம் கூடும் முன்பே அவர் பின்னால் போய்விட்டார். நீங்கள் யாராவது அவரை அந்த விபத்துக்குப் பிறகு பந்தயத்தில் பார்த்திருக்கிறீர்களா? எப்படி ஓட்டினார்?

பாரிஸ் அண்ணை

தம்பி, நான் பார்த்தனான். 2022 ஜூலை 14, அல்ப் துவேஸ் மலையில். பிரான்சின் தேசிய தினம், லீவு நாள். முதல் நாளே மச்சானின் வானில் ஏறிப் போய், ஒரு வளைவுக்குக் கொஞ்சம் கீழே இடம் பிடித்து இரவு அங்கேயே படுத்தோம். இருபத்தொரு வளைவிலும் சனம். ஏழாம் வளைவு முழுக்க நெதர்லாந்துக்காரர், செம்மஞ்சள் சட்டையும் பாட்டுமாக நித்திரை கொள்ள விடவில்லை.

இதே மலைக்கு 2018இலும் நான் போயிருந்தேன். அப்போது ஃப்ரூம் வரும்போது சனம் கூக்குரல் வைத்தது, ஏசியது. 2017 ஸ்பெயின் பந்தயத்தில் சால்பூட்டமோல் என்ற ஆஸ்துமா மருந்தின் அளவு கூடிப்போன விவகாரம் டூர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னர்தான் முடிந்திருந்தது. குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள், ஆனாலும் சனத்தின் கோபம் ஆறவில்லை.

2022இல் அதே சனம் என்ன செய்தது தெரியுமா? முதலில் பிட்காக் தனியாக வந்தான். சின்னப் பெடியன், முகத்தில் களைப்பே தெரியவில்லை. பிறகு தென்னாப்பிரிக்காவின் மெயின்ச்சஸ். அதுக்குப் பிறகு தலையைக் குனிந்து ஹாண்டிலைப் பார்த்தபடி, முழங்கை இரண்டையும் வெளியே விரித்துக்கொண்டு ஒருவர் வாறார். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படி ஓட்டுவார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம். வாய் திறந்தபடி, நாடியில் உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தது. வலது கால் இடது காலைவிட மெலிவு என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்ததாக எனக்குப் பட்டது. சனம் தொண்டை கிழியக் கத்தியது. முன்னர் ஏசிய ஆட்களும் அதில் நின்றிருப்பார்கள். மூன்றாவதாக முடித்தார். பிறகு கோவிட் வந்து, பதினெட்டாம் ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்) தொடங்கும் முன்னமே விலகிவிட்டார்.

அந்த ஒரு நாளைப் பார்த்த பிறகு, ‘இவர் முடிந்துபோன ஆள்’ என்று யாரும் கதைத்தால் எனக்கு விசர் வரும்.

கோவை ரைடர்

நான் ஃப்ரூமைப் பார்த்ததில்லை. ஆனால் தொடை எலும்பு உடைந்து, உள்ளே ராடு வைத்து, திரும்ப சைக்கிள் ஏறியவன். மருதமலை ரோட்டில் விழுந்தேன். அதனால் இந்த ஃபார்ம் விஷயத்தில் ஒன்று சொல்லலாம்.

எலும்பு ஒட்டிக்கொள்ளும், அது பிரச்சினையே இல்லை. தசை கரைந்துவிடுவதுதான் பிரச்சினை. படுத்த படுக்கையாக இருக்கும்போது தொடை சட்டென்று இளைத்துவிடும், திரும்பி வர ஆண்டுக்கணக்கில் ஆகும். இரண்டு பெடலிலும் பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) மாட்டி ஓட்டினேன். சமதளத்தில் இரண்டு காலும் ஏறக்குறைய சமமாகத்தான் காட்டியது. மேட்டில் நெஞ்சு படபடக்க மிதிக்கும்போதுதான் உடைந்த கால் கைவிட்டது, மொத்த பாரமும் நல்ல காலுக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலி, அப்புறம் முதுகு வலி. சாதாரணமாக ஓட்டும் எனக்கே இப்படி. மலையில் கடைசிப் பத்து நிமிடத்தில் ஜெயிப்பதுதான் ஃப்ரூமின் தொழிலே, பலவீனம் வெளியே வருவதும் அதே பத்து நிமிடத்தில்தான். வலது கால் வலுவிழந்திருப்பதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், 2021 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் அதற்காகவே பயிற்சி எடுத்தார்.

2023இல் அவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை அதிர வைத்தது. பழைய ஸ்கை (பிறகு இனியோஸ் என்று பெயர் மாறிய) அணிக்கால சைக்கிள் அளவுகளோடு ஒப்பிட்டபோது, இப்போது உட்காரும் நிலை சில சென்டிமீட்டர் மாறியிருப்பது தெரிந்ததாம். சென்டிமீட்டர்! இங்கே பைக் ஃபிட்டிங் கடையில் சீட்டை மூன்று மில்லிமீட்டர் ஏற்றச் சொல்லி மல்லுக்கட்டுகிறோம். உலகத்தர அணியில், இத்தனை பெரிய சம்பளக்காரருக்கு, இதை இத்தனை ஆண்டு யாரும் அளந்து பார்க்கவில்லையா? பழி அவருக்கும் உண்டு, அணிக்கும் உண்டு. ஆனால் ‘ஃபார்ம் இல்லை’ என்று ஒருவரை ஒதுக்குவதற்கு முன் அவருடைய காலையும் சைக்கிளையும் ஒழுங்காகப் பரிசோதித்திருக்க வேண்டும்.

லியோன்வாசி

கோவை நண்பர் சொன்னதில்தான் என் ஆதங்கமும் இருக்கிறது. 2020 ஜூலையில், இனியோஸ் அவரை டூரிலிருந்து நீக்குவதற்கும் முன்பே, இஸ்ரேல் ஸ்டார்ட்-அப் நேஷன் அணி அடுத்த ஆண்டிலிருந்து அவர்தான் தலைவர் என்று நீண்ட ஒப்பந்தம் அறிவித்தது. அந்தத் தேதியில் விபத்துக்குப் பிறகு அவர் ஓடிய பெரிய பந்தயம் எது என்று பாருங்கள். பிப்ரவரியில் யுஏஇ டூர், அதையும் கொரோனா பாதியில் நிறுத்திவிட்டது. அப்புறம் பந்தயமே கிடையாது. ஆக, ஒடிந்த தொடை மலையில் எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அவருக்குத் தலைமை கொடுத்தார்கள். கேள்வி கேட்க வேண்டிய தேர்வு அதுதான். 2021 டூரின் முதல் நாளே கீழே விழுந்தார், வலியோடு பாரிஸ் வரை ஓட்டி 133ஆம் இடத்தில் முடித்தார். மன உறுதிக்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் தலைவருக்கு என்று ஒதுக்கிய இடத்தில் 133.

இதில் புள்ளிக் கணக்கும் சேர்ந்துகொண்டது. 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டித்தான் எந்த அணி உயர்ந்த வேர்ல்ட் டூர் தகுதியில் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். ஃப்ரூமின் இஸ்ரேல் அணி 2022 முடிவில் தகுதி இழந்தது. சின்னப் பந்தயத்தில்கூட முதல் பத்துக்குள் வருகிறவர்களைத் தேட வேண்டிய நெருக்கடி. புள்ளி கொண்டு வராத பெரிய பெயர் அணிக்குச் சுமையாகிவிட்டது.

யார்க்‌ஷயர் தமிழ்

ஃப்ரூமுக்காக இன்னொருவர் நீக்கப்பட்ட கதையையும் சொல்ல வேண்டும். 2014இல் டூர் எங்கள் ஊர் லீட்ஸில்தான் தொடங்கியது. ஊரே மஞ்சள் சைக்கிள்களைச் சுவரில் தொங்கவிட்டிருந்தது. எல்லோருக்கும் பிராட்லி விக்கின்ஸ் வருவாரா என்பதே கேள்வி. 2012இல் டூர் வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் அவர். அந்த ஆண்டு ஏப்ரலில் பாரிஸ்–ரூபே கல் பதித்த பாதையில் ஒன்பதாவது இடம், மே மாதம் கலிஃபோர்னியா பந்தயத்தில் வெற்றி. ஃபார்ம் உச்சத்தில் இருந்தது. ஸ்கை அணி எடுக்கவில்லை. ஃப்ரூமுக்கும் அவருக்கும் 2012 முதலே ஒத்துப்போகவில்லை, ஒரே பேருந்தில் இருவர் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டத்தில் என் மகள் “விக்கின்ஸ் எப்பப்பா வருவார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண்மணி குனிந்து அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். அணிகள் எப்படித் தேர்வு செய்கின்றன என்று ஏழு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி அவர் சொன்னதைவிட நன்றாக நான் எங்கும் படித்ததில்லை: தலைவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க மனம் உள்ளவர்கள்தான் போவார்கள், அவர்கள் வேகமானவர்களாக இருக்க வேண்டும் என்றில்லை.

ஐந்தாம் நாள் ஸ்டேஜில் கல் பதித்த பாதைகள் இருந்தன, மழையும் கொட்டியது. அந்தக் கற்களைத் தொடும் முன்பே ஃப்ரூம் விழுந்து விலகினார். மாற்றுத் தலைவர் ரிச்சி போர்ட்டும் நோய்வாய்ப்பட்டு 23ஆவதாக முடித்தார். விக்கின்ஸ் செப்டம்பரில் டைம் ட்ரயல் உலக சாம்பியன் ஆனார். ஃபார்ம் இருந்தும் நீக்கியது தவறு என்று அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சென்னை ஸ்பிரிண்ட்

டிவியில் பார்ப்பவன்தான், ஆனால் பிரிட்டிஷ் ஸ்பிரிண்டர் (முடிவுக்கோட்டில் பாய்ந்து வெல்பவர்) மார்க் கேவண்டிஷைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2020 இறுதியில், இதுவே என் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன் அழுதவர். 2021இல் அவருடைய அணியின் முதல் ஸ்பிரிண்டர் சாம் பென்னட்டுக்கு முழங்கால் பிரச்சினை வந்ததால், கடைசி நேரத்தில் கேவண்டிஷுக்கு டூர் வாய்ப்பு கிடைத்தது. நான்கு ஸ்டேஜ் வென்று, டூரில் மெர்க்ஸ் வைத்திருந்த 34 ஸ்டேஜ் வெற்றிச் சாதனையைத் தொட்டார். மறு ஆண்டு ஜிரோவில் ஒரு ஸ்டேஜ், பிரிட்டிஷ் தேசிய சாம்பியன் பட்டம். இத்தனைக்குப் பிறகும் டூருக்கு அவரை எடுக்காமல் ஜேக்கப்சனை எடுத்தார்கள், ஜேக்கப்சனும் இரண்டாம் நாளே வென்றுவிட்டார். தேர்வாளர்களை எப்படிக் குறை சொல்வது? கேவண்டிஷ் 35ஆவது வெற்றிக்கு 2024 ஜூலை 3 வரை வேறு அணியில் காத்திருந்தார்.

லியோன்வாசி

பாரிஸ் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. 2023 டூருக்கு இஸ்ரேல்-பிரீமியர் டெக் (அதே இஸ்ரேல் அணிதான், பெயர் மாறியது) ஃப்ரூமை எடுக்கவில்லை. சைக்கிள் சாதனக் கோளாறுகளால்தான் முந்தைய பந்தயங்களில் சோபிக்க முடியவில்லை, உடல் தயார் என்று அவர் சொன்னார். ஆனால் அந்த அணியின் மைக்கேல் வுட்ஸ் 35 ஆண்டுகளுக்குப் பிறகு டூர் திரும்பிய புய் து தோம் மலையில் வென்று காட்டினார். அந்த எட்டில் யாரை நீக்கி ஃப்ரூமைச் சேர்ப்பீர்கள்?

பாரிஸ் அண்ணை

ஒருத்தரையும் நீக்க மாட்டன் தம்பி. அந்த எட்டுப் பேரும் சரியான ஆட்கள்தான். முந்தின வருசம் டூரில் அந்த அணிக்கு இரண்டு ஸ்டேஜ் வென்று கொடுத்த கிளார்க்கும் ஊலும் அதில் இருந்தவை. அவையளை எப்படி வெளியே விடுறது?

எனக்குக் கோபம் வேறு இடத்தில். எடுக்காமல் விட்டது அணியின் உரிமை. ஆனால் அணியின் முதலாளி அந்த டூர் நடந்துகொண்டிருக்கும்போதே, கொடுத்த காசுக்கு ஃப்ரூம் பெறுமதி இல்லை என்ற கருத்தில் வெளிப்படையாகப் பேட்டி கொடுத்தார். ஒப்பந்தம் போட்டது யார்? தொடை எலும்பு முறிந்தது தெரிந்துதானே கையெழுத்து வைத்தவை? 2021இல் சாம் பென்னட்டைப் பற்றியும் அவருடைய அணி நிர்வாகி லெஃபெவர் இப்படித்தான் பத்திரிகையில் ஏசினார். காயம் பட்ட ஆளிடம் கதைக்க வேண்டியதைக் கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கலாம், மருத்துவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைக்கலாம்.

2025 ஆகஸ்ட்டில் பயிற்சியில் விழுந்து நுரையீரல் சுருங்கி, விலா எலும்புகளும் முதுகெலும்பும் உடைந்து, ஃப்ரூமை ஹெலிகாப்டரில் தூலோன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களே, அந்த வயதிலும் ஒப்பந்தத்தின் கடைசி வருசத்திலும் மனுசன் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போய்க்கொண்டுதானே இருந்தவர். யாராவது அந்தப் பக்கம், வார் மாவட்டத்தில், இருந்து அவரை ரோட்டில் கண்டிருந்தால் எழுதுங்கோ. கேட்க ஆவலாக இருக்கிறேன்.