தரைத்தளத்தில் இருப்பவர் எதற்காக லிஃப்ட் காசு கொடுக்க வேண்டும்?

தரைத்தளவாசி:
நேற்று வாடகை பற்றிய இழையில் 'ரெண்டாம்மாடி' என்பவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "லிஃப்டுக்குப் பங்கு தர மறுக்கும் தரைத்தளக்காரர்கள் அடுத்தவர் காசில் குடியிருப்பவர்கள்" என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் தனியாகவே தொடங்குகிறேன். எங்கள் குடியிருப்பு சென்னை மடிப்பாக்கத்தில், 2004இல் கட்டியது, தரைத்தளமும் இரண்டு மாடிகளும், தளத்துக்கு மூன்றாக 9 வீடுகள். பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதிது போட 9 லட்சமாம், வீட்டுக்கு 1 லட்சம் கேட்கிறார்கள். நான் அந்த லிஃப்டில் கால் வைத்ததே இல்லை. என் அம்மா வைத்ததில்லை, என் பிள்ளைகள் வைத்ததில்லை. மாதப் பராமரிப்பு 2,500 தவறாமல் கட்டுகிறேன், சம்ப், மோட்டார், செப்டிக் டேங்க், வாட்ச்மேன் சம்பளம் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. ஏறாத பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரெண்டாம்மாடி:
எழுதியது நான்தான், ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்கப்போவதில்லை. உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 1,000 சதுர அடி என்று விற்றிருப்பார்கள், உள்ளே டேப் வைத்து அளந்தால் 780 தேறினால் பெரிது. மீதி எங்கே போனது? படிக்கட்டு, நடை, லிஃப்ட் இருக்கும் இடம், இதெல்லாம் சேர்த்துத்தான் சூப்பர் பில்ட்-அப் என்று உங்களிடம் காசு வாங்கினார்கள். அப்படியானால் லிஃப்டில் உங்களுக்கும் பங்கு உண்டு. சொந்தப் பொருள் பழுதானால் சொந்தக்காரன்தான் செலவு செய்ய வேண்டும்.

தரைத்தளவாசி:
அன்றைக்கே காசு கொடுத்துவிட்டேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். இருபது வருஷம் உங்களைப் போன்றவர்கள் ஏறி இறங்கித் தேய்த்ததற்கு நான் இரண்டாம் முறை கொடுக்க வேண்டுமா? கால் வைத்ததே இல்லை சார். எத்தனை முறை சொல்வது?

முன்னாள்செயலாளர்:
எங்கள் அசோசியேஷனில் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் 1970ஆம் வருஷத்து அடுக்குமாடி உரிமைச் சட்டத்திலேயே, பொது வசதியைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி யாரும் பொதுச் செலவிலிருந்து விலக முடியாது என்று இருக்கிறது. நம் மாநிலத்தில் 1994 சட்டம் போய், 2022 சட்டம் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. படித்துவிட்டு வந்து பேசினால் நன்றாக இருக்கும்.

தரைத்தளவாசி:
மடிப்பாக்கம் எப்போது மும்பையில் சேர்ந்தது, ஐயா? சட்டம் பேசலாம் என்றால் இதையும் பேசுவோம். 2023இல் அரசு பொது மின் இணைப்புக்குக் கட்டணம் குறைத்தது, யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50 ஆக. யாருக்கு? 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று தளங்களுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு. எங்களிடம் 9 வீடு, மூன்று தளம், எல்லாம் சரி. லிஃப்ட் ஒன்று இருப்பதால் அந்தச் சலுகை போனது. நான் குளிக்க ஓடுகிற மோட்டாருக்கும், வாசல் விளக்குக்கும் அதிக விலை கொடுக்கிறேன். கால் வைக்காத லிஃப்டுக்கு மாதாமாதம் அபராதம் கட்டுவது நான்தான். அதைப் பற்றி ஒரு செயலாளரும் வாய் திறப்பதில்லை!

முன்னாள்செயலாளர்:
உங்கள் குடியிருப்பின் செயலாளர் நான் இல்லை. என்னிடம் ஏன் கத்துகிறீர்கள்?

நங்கநல்லூர்மீனா:
இரண்டு பக்கமும் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் முதல் மாடி. மாமியாருக்கு மூட்டுவலி, லிஃப்ட் நின்றால் அவர் வீட்டுக்குள்ளேயே சிறை. எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்துக்குக் கால் பங்கு, முதல் மாடிக்கு முக்கால், மேலே முழுப் பங்கு என்று பொதுக்குழுவில் பேசி எழுதி வைத்துக்கொண்டோம். சண்டை வரவில்லை.

ரெண்டாம்மாடி:
அதாவது மேலே இருப்பவன் தலையில் கட்டிவிட்டீர்கள். முதல் மாடிக்கு முக்கால் என்று எழுதியது யார், நீங்கள்தானே?

நங்கநல்லூர்மீனா:
பேச்சைப் பார்த்துப் பேசுங்கள். போன மாதம் நாய் வளர்ப்பவர்களைப் பற்றியும் இப்படித்தான் வாய்க்கு வந்ததை எழுதினீர்கள்.

தரைத்தளவாசி:
கால் பங்கு மட்டும் எதற்கு மேடம்? கால் வைக்காதவனுக்குக் கால் பங்கும் அநியாயம்தான்.

புதுசாவாங்குறவன்:
நடுவில் ஒரு சந்தேகம். சேலையூர்ப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறேன், 60 லட்சம் சொல்கிறார்கள். பதிவுச் செலவு 7 சதவீதம் என்கிறார் புரோக்கர். சரியா? கடன் 50 லட்சம், 20 வருஷம், எட்டரை வட்டி என்றால் இ.எம்.ஐ. 43,000க்கு மேல் வருகிறது, கணக்குப் போட்டே தூக்கம் போகிறது.

முன்னாள்செயலாளர்:
தம்பி, 7 என்பது 2023 டிசம்பரில் வந்தது, புதுக் கட்டடத்தில் பில்டரிடம் முதல்முறை வாங்குபவர்களுக்கு, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை. மறுவிற்பனைக்கு 7 முத்திரைத்தாள், 2 பதிவுக் கட்டணம், ஆக 9. புரோக்கரை நம்பிப் பணம் புரட்டாதீர்கள். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். வரியாக நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். அசோசியேஷனுக்குப் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கோவைக்காரன்:
இதுக்குத்தான் சொல்றது, தனி வீடு கட்டுங்க, லிஃப்டும் கிடையாது, மீட்டிங்கும் கிடையாது. எங்க ஊர்ல நாலு சென்ட் வாங்கி நாங்களே கட்டினோம், யார்கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டியதில்லை.

ரெண்டாம்மாடி:
அண்ணே, வேளச்சேரியில் நாலு சென்ட் என்ன விலை என்று கேட்டுவிட்டு இந்த அறிவுரையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு இழையிலும் இதே நாலு சென்ட்.

கோவைக்காரன்:
இருக்கறவன் சொல்லுவான். உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?

ரெண்டாம்மாடி:
விஷயத்துக்கு வருவோம். தரைத்தளவாசி சார், உங்கள் யுடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத உங்கள் பங்கு, எவ்வளவு? மாடி வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே அளவுதானே இருக்கும்? நாளைக்கு இடித்துக் கட்டினால் சம பங்கு கேட்பீர்களா மாட்டீர்களா? அப்போது மட்டும் "நான் கீழே இருந்தேன், எனக்குக் குறைவாகக் கொடுங்கள்" என்பீர்களா? புதுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். உங்கள் 9 வீட்டில் மாடி வீடுகள் மட்டுமே 6. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தரைத்தளவாசி:
மிரட்டலா? நல்லது, இப்போதாவது உள்ளே இருந்தது வெளியே வந்தது. நிலத்துக்குக் காசு கொடுத்தேன், நிலத்தில் பங்கு கேட்பேன். சமம் பற்றிப் பேசுகிறீர்கள் அல்லவா, கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் யார் வீட்டுக்குள் வந்தது? கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போனது எங்கள் மூன்று வீட்டில்தான். சம்ப்பில் சாக்கடை கலந்து அதைச் சுத்தம் செய்த செலவு மட்டும் ஒன்பதாகப் பிரிந்தது, என் வீட்டுத் தரையும் கதவும் என் தலையில். தரைமட்டத்தை உயர்த்தக் காசு கேட்டேன், "அது உங்கள் வீட்டு உள்வேலை" என்றார்கள். சரி என்று நகையை வைத்துச் செய்தேன். அதற்கு முன்னால் மொட்டை மாடியில் ஓதம் இறங்கி இரண்டாம் மாடியில் சுவர் ஊறியபோது, வாட்டர்ப்ரூஃபிங் பொதுச் செலவு என்றார்கள், ஒரு கேள்வி கேட்காமல் என் பங்கைக் கொடுத்தேன். மேலே ஒழுகினால் எல்லாருக்கும் பொது, கீழே மூழ்கினால் எனக்கு மட்டும். இப்போது கால் வைக்காத லிஃப்டும் பொதுவா? என்னைப் பார்த்து அடுத்தவர் காசில் குடியிருப்பவன் என்று எழுதக் கை எப்படி வந்தது உங்களுக்கு?

நங்கநல்லூர்மீனா:
வெள்ளம் பற்றிச் சொன்னது நியாயம். அந்தக் கணக்கைத்தான் நீங்கள் பொதுக்குழுவில் வைக்க வேண்டும், லிஃப்டை விட்டுவிட்டு.

தரைத்தளவாசி:
லிஃப்டை ஏன் விட வேண்டும்? 1 லட்சம் கேட்பது லிஃப்டுக்குத்தானே!

ரெண்டாம்மாடி:
வெள்ளம் வரும் இடத்தில் தரைத்தளம் விலை குறைவு என்று வாங்கியது யார்? 2015இலேயே அந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது ஊருக்கே தெரியும். மலிவாக வாங்கும்போது இனித்தது.

தரைத்தளவாசி:
2004இல் வாங்கினேன். 2015 வெள்ளம் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா? தேதியாவது பார்த்து எழுதுங்கள்.

முன்னாள்செயலாளர்:
மீண்டும் சொல்கிறேன், சட்டத்தில்...

தரைத்தளவாசி:
சட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்கு உரிமம், ஏ.எம்.சி. என்கிற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்களா என்று எங்கள் கூட்டத்தில் கேட்டேன். ஃபைல் இல்லை என்கிறார்கள். ஃபைல் இல்லாத லிஃப்டுக்கு 1 லட்சமாம்.

புதுசாவாங்குறவன்:
முன்னாள்செயலாளர் சார் சொன்னபடி அசோசியேஷனில் கேட்டேன். விற்பவர் பெயரில் 85,000 பாக்கி. லிஃப்ட் பங்காம். அவரும் தரைத்தளம் என்பதால் கொடுக்கவில்லையாம். நான் வாங்கினால் என்னிடம் கேட்பார்களா?

ரெண்டாம்மாடி:
பார்த்தீர்களா! இவர்கள் கட்டாமல் விட்டதெல்லாம் கடைசியில் வாங்குகிறவன் தலையில் விடிகிறது. அந்த 85,000ஐ விலையில் கழித்துக்கொண்டு வாங்குங்கள்.

தரைத்தளவாசி:
விற்பவர் செய்தது சரிதான், அவரும் கால் வைத்திருக்க மாட்டார். தம்பி, நீங்களும் கொடுக்காதீர்கள்.

நங்கநல்லூர்மீனா:
வீடு வாங்கும் முன்பே அந்தப் பையனுக்குச் சண்டை வாங்கிக் கொடுக்கிறீர்களே.

கோவைக்காரன்:
தனி வீடு.

ரெண்டாம்மாடி:
தரைத்தளவாசி, யுடிஎஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தரைத்தளவாசி:
உங்கள் லிஃப்டுக்கு ஏ.எம்.சி. ஃபைல் இருக்கிறதா, முதலில் அதைச் சொல்லுங்கள்.