வீட்டுக் காற்றாலை அனுபவங்கள்: மானியத்தைக் கேட்கும் முன் கோபுர உயரத்தைக் கேளுங்கள்

வீட்டுக்குச் சிறிய காற்றாலை வைக்க மானியம் எவ்வளவு, எங்கே விண்ணப்பிப்பது என்றுதான் இங்கே முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள். நான் வைத்திருப்பது 3 கிலோவாட் காற்றாலை, ஸ்டே கம்பி கட்டி நிறுத்திய கோபுரம், நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) வழியாக மின்கட்டமைப்போடு இணைத்தது. இதில் அலைந்து திரிந்த பிறகு எனக்குத் தோன்றுவது, மானியம் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, உங்கள் இடத்தில் எவ்வளவு உயரக் கோபுரத்துக்கு அனுமதி கொடுப்பார்கள் என்பது.

காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 4 மீட்டர் வீசும் காற்று 5 மீட்டர் ஆனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, ஆற்றலோ 64-க்கு 125 என்று கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. தரையை ஒட்டி மரமும் வீடும் காற்றைப் பிடித்து நிறுத்துவதால் மேலே போகப்போக வேகம் கூடும். திறந்த வெளியில் 10 மீட்டர் கோபுரத்தை 20 மீட்டராக்கினால் ஆற்றல் ஏறக்குறைய 35 சதவீதம் கூடும், மரங்கள் அடர்ந்த இடத்தில் 60 சதவீதத்தையும் தாண்டலாம். பொருத்துவதற்கான மானியம் ஒரு தடவை கைக்கு வரும், அதோடு சரி. உயரம் கொடுப்பது காற்றாலை சுற்றுகிற காலம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

மானியம் கொடுக்கும் துறை ஒன்று, கட்டுமான அனுமதி கொடுக்கும் துறை வேறொன்று. ஒருவர் கொடுப்பதை இன்னொருவரின் விதி பாதியாக்கிவிடும். இங்கிலாந்தையே பாருங்கள். 2010 ஏப்ரலில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் தரும் ஃபீட்-இன் டாரிஃப் திட்டத்தைத் தொடங்கினார்கள், சிறிய காற்றாலைக்கு அப்போது நல்ல விலை, காற்றாலைக்கு 20 ஆண்டு உறுதி. ஆனால் 2011 டிசம்பரில், தனி அனுமதி கேட்காமலே தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்த சலுகையில் இறக்கை நுனி வரை மொத்த உயரம் 11.1 மீட்டர், இறக்கை சுற்றும் பரப்பு 3.8 சதுர மீட்டர் என்று வரம்பு போட்டார்கள். சராசரி 5 மீட்டர் காற்றுள்ள இடத்தில்கூட அந்தப் பரப்புக்கு ஆண்டுக்கு 1000 யூனிட்டை ஒட்டித்தான் எதிர்பார்க்கலாம், 4 மீட்டர் என்றால் அதில் பாதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் முழு அனுமதிக்குப் போக வேண்டும்.

எனக்கும் அனுமதி கொடுக்கும் துறை முதலில் சொன்ன உயரம் பக்கத்து மர உச்சியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் எந்தத் தடையைவிடவும் இறக்கையின் அடிநுனி 9 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதையும், ஒரு வருஷம் கம்பத்தில் அனிமோமீட்டர் (காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) கட்டி எடுத்த காற்று அளவையும் சேர்த்து விதிவிலக்கு கேட்டேன். பார்க்க வந்த அதிகாரி கோபுரம் வரும் இடத்திலிருந்து வேலி வரை டேப் பிடித்து அளந்தார். இறக்கை நுனி வரை மொத்த உயரம் என்ன என்று கேட்டு, அதோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, சாய்ந்து விழுந்தாலும் என் வேலிக்குள்தான் விழும் என்பது உறுதியான பிறகுதான் கோப்பில் எழுதினார். நியாயமான விதி, நான் அதை மதிக்கிறேன். அப்புறம் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழ், பக்கத்து வீட்டு எல்லையில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்ற கணக்கு. இரண்டும் கொடுத்ததும் உயரம் கிடைத்தது.

மானியத்திலும் இரண்டு வகை உண்டு. பொருத்தியதற்குக் கொடுப்பது ஒன்று, உற்பத்தியான யூனிட்டுக்குக் கொடுப்பது மற்றொன்று. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். பொருத்தினாலே பணம் என்றால் விற்பவர் காற்றைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், கூரையில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். இங்கிலாந்தில் வார்விக் காற்றுச் சோதனை என்று கட்டடங்களில் மாட்டிய 26 சிறிய காற்றாலைகளை அளந்து 2009-இல் அறிக்கை வெளியிட்டார்கள். நிறுத்தி வைத்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், முழுத் திறனில் ஓடியிருந்தால் கிடைத்திருக்க வேண்டியதில் சராசரியாக ஒரு சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. கூரையில் மாட்டலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து அந்த அறிக்கையைப் படியுங்கள்.

மறுமொழி:

அண்ணா, உயரம் சரி, ஆனால் என்னை ரொம்ப அலையவிட்டது மின் இணைப்பு. விண்ணப்பப் படிவத்தில் பேனல் எத்தனை, கூரைப் பரப்பு எவ்வளவு, எந்தத் திசை பார்த்து என்றெல்லாம் கட்டங்கள், எல்லாமே சூரிய மின்சாரத்துக்கு அச்சடித்தவை. நான் அந்தக் கட்டங்களில் 'பொருந்தாது' என்று எழுதி, இறக்கை விட்டம், ஜெனரேட்டர் திறன், இன்வெர்ட்டர் (காற்றாலை மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) சான்றிதழ் எல்லாவற்றையும் தனித்தாளில் இணைத்தேன். அப்படியும் படிவம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. நேரில் போய்ப் பொறியாளரிடம் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் நகர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் நெட் மீட்டரில் இணைத்த இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, லைனில் வேலை செய்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் பேச்சே இல்லை. சூரியத் தகடு துண்டித்தால் சும்மா கிடக்கும். காற்றாலை அப்படி இல்லை, சுமை போனதும் இறக்கை தறிகெட்டுச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த மின்சாரத்தை எரித்துத் தீர்க்க ஹீட்டர் போல ஒரு சுமைப்பெட்டியும் பிரேக்கும் வேண்டும். எனக்கு மானியம் கொடுத்தவர்கள் இந்தப் பெட்டியைச் செலவுக் கணக்கில் ஏற்கவில்லை, பாதுகாப்புக்கு மிகவும் தேவையான பொருளை 'துணைப் பொருள்' என்று ஒதுக்கிவிட்டார்கள். விலைப்பட்டியல் வாங்கும்போதே கோபுரம், இன்வெர்ட்டர், சுமைப்பெட்டி எல்லாம் ஒரே தொகுப்பாக வரும்படி கேளுங்கள்.

மறுமொழி:

என் மானியம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. நான் ஆர்டர் கொடுத்தபோது அந்த மாடல் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. அஸ்திவாரம் போட்டு, கான்கிரீட் இறுகி, கோபுரத்தைத் தூக்கி நிறுத்தி, மீட்டர் மாற்றி முடிப்பதற்குள் அதன் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, தயாரிப்பாளர் புதுப்பிக்கவில்லை. பணம் முழுக்க நான் கட்டியாயிற்று, மானியமோ வேலை முடிந்த பிறகு திருப்பித் தருவது. மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு போட்டிருக்கிறேன், வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

மறுமொழி (முதலில் எழுதியவர்):

கேட்கவே வருத்தமாக இருக்கிறது நண்பரே. சான்றிதழ் கேட்பது தப்பில்லை, அது எல்லா இடத்திலும் உண்டு. ஜப்பானில் 2012 ஜூலையில் 20 கிலோவாட்டுக்குக் குறைந்த காற்றாலைக்கு யூனிட்டுக்கு 55 யென் என்று பெரிய விலை வைத்தபோதும் சான்று பெற்ற மாடல்தான் வேண்டும் என்றார்கள். 2018-இல் அந்தத் தனி விலையையே எடுத்துவிட்டார்கள். எந்தத் தேதியைப் பார்ப்பார்கள் என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் வீட்டுக் காற்றாலைக்கு இருந்த 30 சதவீத வரிச்சலுகையை 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 31-ஓடு முடித்தது. பணம் கட்டிய தேதி கணக்கில் வராது, பொருத்தி முடித்த தேதிதான் கணக்கு.

உங்கள் மேல்முறையீட்டில் ஆர்டர் தேதியன்று இருந்த பட்டியலின் நகலையும், விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் அனுப்பிய கடிதத்தையும் சேருங்கள். சான்றிதழ் எந்த நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று திட்ட விதியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அதையே முதல் வாதமாக வையுங்கள். மறுத்த கடிதத்தைப் பெயர், எண்களை மறைத்து இங்கே போடுங்கள், பத்தி பத்தியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.