சாரம் பிரித்த பேராசிரியர்

நான் (குடும்பக் குழுவில், காலை 7.10): அனைவருக்கும் வணக்கம். நேற்று என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நல்லபடியாக நிறைவுற்றது. சித்திக்கு எம்.எட். படிப்பில் நெறியாளராக இருந்த அதே பேராசிரியர் எனக்கும் அமைந்தது நான் பெற்ற பேறு.

பெரியப்பா (சத்துவாச்சாரி): மிக்க மகிழ்ச்சி அம்மா. நீங்கள் இருவரும் அவரைப் பற்றிப் பேசாத நாளில்லை. அவர் அப்படி என்ன செய்கிறார் என்று சொன்னால், வரும் ஆண்டு எம்.எட். சேரவிருக்கும் தம்பிக்கும் உதவும்.

சித்தி (காட்பாடி): நான் படித்தபோது எம்.எட். ஓராண்டுப் படிப்பு, 2015இல்தான் ஈராண்டானது. காலம் குறைவு என்பதால், என் ஆய்வேட்டுக்காக அணைக்கட்டுப் பகுதி ஆசிரியர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து வாங்கி, விடைகளை எண்ணி, அட்டவணை போட்டு அவர் மேசையில் வைத்தேன். "இவர்களில் ஒருவருடைய வகுப்பிலாவது நீ உட்கார்ந்தாயா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரம் என்னோடு அதே பேருந்தில் வந்து, மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் குழந்தைகளோடு தரையில் அமர்ந்து, மாலை வரை ஒரு சொல்லும் பேசாமல் கவனித்தார். திரும்பும் வழியில் நான் கண்டதை என்னையே சொல்லவைத்தார். அன்றிரவே என் ஆய்வேட்டை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

நான்: எனக்கு அவர் வேறு விதமாகக் கற்பித்தார். என் ஆய்வேட்டின் முதல் இயலில் ஒவ்வொரு வரிக்கும் பென்சில் குறிப்பு இருந்தது. மூன்றாம் இயலில் பக்கத்துக்கு ஒரு கேள்விதான். ஐந்தாம் இயல் ஒரு கோடும் இல்லாமல் திரும்பி வந்தது. படிக்கவே இல்லையோ என்று கலங்கிப் போய் நின்றேன். அப்போதுதான் வுட், புரூனர், ராஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்குகையில் பெரியவர் எவ்வளவு உதவ வேண்டும் என்று ஆராய்ந்து, அந்த உதவியை அவர்கள், கட்டடம் எழும்பும்போது கட்டும் சாரம் போன்றது என்றார்கள். "சுவர் நின்றபின் சாரத்தைப் பிரிக்காத கொத்தனார் உண்டா அம்மா?" என்று கேட்டார்.

தம்பி (இராணிப்பேட்டை): அக்கா, உதவியை நிறுத்தியதும் தடுமாறவில்லையா?

நான்: தடுமாறினேன், மூன்று வாரம் ஒரு பத்தியும் நகரவில்லை. ஆயினும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் முழுவதும் எனக்காக அறையில் காத்திருந்தார். விடை சொல்ல மாட்டார். நான் சொல்வதைக் கேட்டு, அடுத்த கேள்வியை வைப்பார். தேர்வாளர்கள் நேற்று கேட்டவற்றுள் பெரும்பாலானவை, அந்தச் சனிக்கிழமைகளில் நான் ஏற்கெனவே எதிர்கொண்டவை.

பெரியப்பா: ஞாயிறு காலை அவரைக் குடும்பத்தோடு சென்று வணங்கி வருவோம். தம்பியும் வரட்டும்.

சித்தி: அவசியம் வரட்டும். ஆனால் என்ன தலைப்பு என்று அவர் கேட்க மாட்டார் தம்பி. எந்த வகுப்பறையில் போய் உட்கார்ந்தாய் என்றுதான் கேட்பார்.

தம்பி: இன்னும் மூன்று நாள் இருக்கிறது சித்தி. எங்கள் தெருப் பள்ளித் தலைமையாசிரியரிடம் இன்றே அனுமதி கேட்கிறேன்.