முதுகில் ஊசி போட்ட பிறகும் தூக்க ஊசி தேவையா?

கோத்தகிரி வாசகர்:
என் தாயாருக்கு வயது 71. பதினைந்து ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சாப்பிட்டு வருகிறார். அடுத்த மாதம் கோவையில் முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. முன்பு வேறொரு சிகிச்சையின்போது மிடசோலம் என்ற தூக்க ஊசி போட்டார்கள். அன்றிரவு படுக்கையை விட்டு எழுந்து, கொழுந்து பறிக்க நேரமாகிவிட்டது என்று கூடையைத் தேடினார். தோட்ட வேலையை விட்டே பத்து ஆண்டுகள் ஆகின்றன. இப்போது முதுகில் போடும் மரப்பு ஊசியோடு தூக்க மருந்தும் தரலாம் என்கிறார்கள். தவிர்க்க முடியுமா?

மயக்கவியல் மருத்துவர், குன்னூர்:
அந்தக் குழப்பத்துக்கு மிடசோலம் காரணமாக இருந்திருக்கலாம். முதியவர்களின் மூளையில் அதன் தாக்கம் கூடுதல், உடலை விட்டு நீங்கவும் நேரமாகும். ஆகவே, நடந்ததை முன்பரிசோதனையின்போதே சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள். முதுகில் போடும் ஊசியே ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும். அதன்மேல் புரோபோஃபால் என்ற தூக்க மருந்தும் சேர்ந்தால் இன்னும் இறங்கும் என்பதால், கொடுப்பதானால் இளையவர்களுக்கான அளவைவிடக் குறைத்து, மெதுவாகவே கொடுப்போம். நெடுநாள் அழுத்தம் உள்ளவரின் மூளையும் சிறுநீரகமும் உயர்ந்த அளவுக்கே பழகியவை. வீட்டில் மேல் அழுத்தம் 150 இருப்பவருக்கு 120-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம். அதனால் மருத்துவமனைப் பதற்றத்தில் எடுத்த ஓர் அளவைவிட, நீங்கள் வீட்டில் ஒரு வாரம் எழுதி வைக்கும் அளவுகளே எங்களுக்குப் பெரிதும் உதவும். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு தூக்க மருந்து மூச்சை அவ்வளவாகக் குறைக்காது. ஆனால் நாடித்துடிப்பைக் குறைக்கும். டெல்மிசார்டனைப் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அம்லோடிபினைத் தொடரச் சொல்வார்கள். இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

ஊட்டி வாசகர்:
என் மாமனார் தூக்க மருந்தே வேண்டாம் என்று சொல்லி இதே சிகிச்சையைச் செய்துகொண்டார். வலி துளியும் இல்லை. சுத்தியல் சத்தம்தான் தச்சுப் பட்டறை போலக் கேட்டதாம். காதில் பாட்டுப் போட்டுவிட்டார்கள், சமாளித்துவிட்டார்.

கோத்தகிரி வாசகர்:
மிக்க நன்றி, டாக்டர். அம்மாவுக்குக் காது சற்று மந்தம், சத்தம் ஒரு பொருட்டாக இருக்காது. தூக்க மருந்து இல்லாமலே செய்யக் கேட்கப்போகிறேன்.

மயக்கவியல் மருத்துவர், குன்னூர்:
காது கருவி வைத்திருந்தால், சிகிச்சை முடிந்து வெளியே வந்தவுடனே அதையும் கண்ணாடியையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் இரவில் பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.