மிரர் போர்ட்டிலேயே பாக்கெட் தொலைகிறதா?

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஊடுருவல் கண்டறிதலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். வளாக டிராஃபிக்கைச் சுரிகாட்டாவில் (ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருள்) பார்த்தால் பல டிசிபி இணைப்புகள் நடுவில் சில பாக்கெட்டுகள் இல்லாமல் ஓட்டையோடு வருகின்றன.

உபுண்டு 22.04, சுரிகாட்டா 7, இன்டெல் ஐ210 கார்டு. பழைய 24 போர்ட் ஜிகாபிட் சுவிட்சில், அப்லிங்கின் இரு திசையையும் ஒரே ஜிகாபிட் போர்ட்டுக்கு மிரர் செய்திருக்கிறோம், அதாவது நகலெடுத்து அனுப்புகிறோம். காலை 10 மணிக்கு லேப் தொடங்கியதும் ரீஅசெம்ப்ளி கேப் (சுரிகாட்டா காணும் அந்த ஓட்டைகள்) எண்ணிக்கை ஏறுகிறது, இரவில் அசைவதில்லை. ஆனால் கெர்னல் டிராப்ஸ் (என் கணினியின் கெர்னல் தவறவிட்டதாகக் காட்டும் பாக்கெட்டுகள்) எப்போதும் 0! அதுதான் குழப்பம்.

வரும் பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ஜிஆர்ஓவை அணைத்தேன். கார்டின் ரிங் பஃபரை (வரும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) 4096 ஆக்கினேன், கேபிளை மாற்றினேன், சுரிகாட்டாவின் விதிகளை முழுக்க எடுத்தும் பார்த்தேன். பாக்கெட்டுகளை அப்படியே பதியும் டிசிபிடம்ப்பிலும் அதே ஓட்டைதான். ஒரு திசையை மட்டும் மிரர் செய்தால் குறைகிறது. 5 நிமிடச் சராசரியில் இரு திசையும் சேர்ந்து 400 எம்பிபிஎஸ் தாண்டவில்லை. நொடிக்குள் வந்துபோகும் நெரிசல் அதில் தெரியாது, சரி. இந்தச் சுவிட்ச் மிரர் போர்ட்டின் டிராப் கணக்கையும் காட்டுவதில்லை.

நெட்வொர்க் டேப் (கேபிளின் நடுவே வைத்து டிராஃபிக்கை நகலெடுக்கும் கருவி) வாங்க நிதி இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் கேட்டதற்கு ஒட்டுகிற டேப்பை எடுத்து நீட்டினார்கள்.

டேப் இல்லாமல், பாக்கெட் விழுவது சுவிட்சின் மிரர் போர்ட்டிலா, என் கணினியிலா என்று உறுதியாகப் பிரித்துக் காட்ட என்ன வழிங்க?