பழைய காகிதம் சேர்கிறது, ஆள்தான் சேரவில்லை

கோட்டையூர் ரோடு:
காரைக்குடிப் பக்கம் சின்னதாக ஓர் ஊர் வரலாற்றுக் குழு நடத்துகிறோம். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்களின் பேரேடு, சம்பளச் சீட்டு, இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்த ஓலை) என்று கிடைத்ததைப் படித்துக் குறிப்பெடுப்போம். பள்ளிப் பிள்ளைகளோடு ஊருணி, கோயில் கல்வெட்டு பார்க்க ஒரு நடையும் உண்டு. நடைக்கு நாற்பது பேர் வருகிறார்கள் (கந்தரப்பமும் ஒரு காரணம், தெரியும்), பேரேட்டைத் தூசி தட்டும் நாளில் நாலே பேர். வீடுகளில் கேட்டால் "அதெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு" என்கிறார்கள். ஆளும் பணமும் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

திண்ணைத் தூண்:
முதலில் "கொடுங்கள்" என்று கேட்பதை நிறுத்துங்கள். நாங்களும் அப்படிக் கேட்டுத்தான் அசடு வழிந்தோம், ஒரு பெரியவர் "முனீஸ்வரன் கோயில் தெருவுல கொண்டுபோய் விக்கவா?" என்று (காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெரு) நேராகவே கேட்டுவிட்டார். இப்போது அவர்கள் கண்ணெதிரிலேயே செல்போனில் படம் எடுத்து, கட்டைப் பழையபடி கட்டிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகளுக்குப் பேரேட்டில் இருக்கும் மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்னக் குறிகளைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள், புதிர் மாதிரி விடமாட்டார்கள். உங்கள் கோட்டையூர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமல் சேர்த்தவர். 1983இல் அவர் போன பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் 1994இல் சென்னையில் அது நூலகமானது. ஊரில் தாங்க ஆள் இல்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, எங்கள் வீடு எட்டுப் பங்கு, சாவி நாலு ஊரில் இருக்கிறது. சாதாரண நாளில் வந்தால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குத்தான் பங்காளிகள் எல்லாரும் கூடுவோம், அன்றைக்கு வாருங்கள். இரண்டாம் கட்டுச் சுவரில் ஒரு படம், ஒன்பது பேர் நிற்கிறார்கள், எனக்குத் தெரிந்தது மூன்று பேர்தான். மாமியார் இருந்தபோதே கேட்டிருக்கலாம். தெரிந்த மூன்றைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், பேனா என்றால் ஊறிவிடும்.

சிங்கப்பூர்வாசி:
பணம் தர ஆள் இருக்கிறோம், கணக்குத்தான் வருவதில்லை. முன்பு ஒரு குழுவுக்கு அனுப்பினேன், ரசீது வரவில்லை, யாருக்கோ சால்வை போட்ட படம் வந்தது. செட்டியார் வீட்டுப் பேரேட்டைப் படிக்கிறவர்கள் சொந்த வரவு செலவை எழுதாவிட்டால் எப்படி? மொய் நோட்டு மாதிரி மாதாமாதம் பொதுவில் போடுங்கள், 500 கொடுத்தவரும் 50,000 கொடுத்தவரும் ஒரே வரிசையில். கல்லில் பெயர் வெட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

கோட்டையூர் ரோடு:
சரி, கணக்கு இந்த மாதமே போட்டுவிடுகிறோம். ஆச்சி, படைப்பு என்றைக்கு என்று சொல்லுங்கள், மற்ற ஆறு பேரையும் கண்டுபிடிக்கப் பார்ப்போம்.

பள்ளத்தூர் ஆச்சி:
தனியே சொல்கிறேன். காலையிலேயே வந்துவிடுங்கள் தம்பி, மதியம் சாப்பிட்டதும் பெரியவர்கள் வளவிலேயே படுத்துவிடுவார்கள்.